படலையடி மன்னிப்பு

மதலேனா நல்ல மனுசி என்று முள்ளிவாய்க்காலில் ஒருவரும் சொன்னது கிடையாது. வாய்காரி என்றார்கள், பிடிவாதக்காரி என்றார்கள், பிந்திய காலத்தில் பழிகாரி என்றும் சொன்னார்கள். வாய்காரி என்பது உண்மைதான். கருவாடு போட மீன் எடுக்க அவள் கரைக்கு வந்தால் வள்ளமும் வலையும் வைத்திருக்கிற சம்மாட்டிமாரே கொஞ்சம் ஒதுங்கி நிற்பார்கள். செவுள் வெளுத்த மீனை யாராவது அவள் தலையில் கட்டப் பார்த்தால், அதை அந்த ஆளின் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, "மணந்து பாருங்கோ, இதை உங்கடை பெண்சாதிக்குக் குடுப்பியளோ?" என்று கேட்பாள். தன்னுடைய கருவாட்டில் ஒன்று புழுத்திருந்தாலும், வாங்க வந்தவர் பார்க்குமுன் தானே எடுத்து எறிந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒன்றைச் சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை கருவாட்டு வாடியில் வேறொன்றைச் செய்ய அவளுக்குத் தெரியாது. அந்த ஊரில் அதுவே பெரிய குறையாகப் போயிற்று.

அவளுடைய புருசன் கொன்ஸ்ரன்ரைன் அமைதியான மனிதன். வீட்டில் அவனுக்கும் சேர்த்து அவளே கதைத்தாள். பிள்ளை குட்டி இல்லை. யாகப்பு என்ற இளைய ஆளோடு ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போய்வந்தான். ஐம்பத்துநாலாம் ஆண்டு மார்கழியில், கடல் சற்று அடங்கினாற்போல் இருந்த ஒரு விடியலில் இரண்டு பேரும் போனார்கள். மத்தியானம் யாகப்பு மட்டும் கரையில் தவழ்ந்து ஏறினான்.

"வள்ளம் பிரண்டு போச்சு. அண்ணையைக் கடல் எடுத்திட்டுது" என்றான். அவ்வளவுதான். உடலும் ஒதுங்கவில்லை.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. கடலிலிருந்து தனியே திரும்பி வந்தவனிடம், என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. கடல் எடுத்தது என்று அவன் சொன்னால், கடல்தான் எடுத்தது. நாளைக்குத் தனியே திரும்பி வருகிறவன் தானாகவும் இருக்கலாம் என்பது ஒவ்வொரு ஆம்பிளைக்கும் தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டு, வந்தவனுக்குச் சுடச்சுடக் கோப்பி கொடுப்பார்கள். இரக்கம் என்று இதைச் சொல்லலாம். பயம் என்றும் சொல்லலாம்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சனம் கோயில் வளவில் நின்றபோது, மூப்பர் மதலேனாவுக்கு ஆறுதல் சொன்னார். கோயில் காரியங்களைப் பார்க்கிற பெரிய மனிதர் அல்லவா, ஆறுதல் சொல்ல வேண்டியது அவர் கடமை.

"கவலைப்படாதை பிள்ளை. மாதாவே, மாதாவே எண்டு கூப்பிட்டபடிதான் அவன் கண்ணை மூடியிருப்பான்."

"நீங்கள் கண்டனீங்களோ?" என்று மதலேனா கேட்டாள்.

மூப்பருக்கு முகம் கறுத்துப் போயிற்று. அவள் அவரை விட்டுவிட்டு, மதிலோரம் நின்ற யாகப்புவிடம் நேரே போனாள்.

"நீதானே கண்டனீ. என்ரை மனுசன் எப்பிடிச் செத்தது? சொல்லு."

யாகப்பு தன் கால் விரலைப் பார்த்தான். அவனுடைய பெண்சாதி பிலோமினா கைப்பிள்ளையோடு குறுக்கே பாய்ந்தாள். "என்னடி கேள்வி இது? என்ரை மனுசன் உயிரோடை வந்தது உனக்குப் பொறுக்கேல்லையோ? அவரும் செத்திருக்க வேணுமோ?"

"நான் அதைக் கேக்கேல்லை. எப்பிடிச் செத்தது எண்டுதான் கேட்டனான்."

அன்றிலிருந்து அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். பணமில்லை, பழியில்லை. பன்னிரண்டு வருசம் ஒரே பாயில் படுத்தெழும்பிய மனிதன் கடைசி மூச்சை எப்படி விட்டான் என்று தெரிய வேண்டும். அது இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான். சொல்லுங்கள், யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

அடுத்து நாற்பது நாள் நோன்பான தபசு காலம் வந்தது. பெரிய வெள்ளி மத்தியானம் அந்த ஊரில் நடக்கிற காரியம் ஒன்று உண்டு. பகையாக இருக்கிறவர்கள் ஒருவர் வீட்டு வாசல் படலையில் மற்றவர் போய் நின்று, "ஏதும் குற்றம் குறை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்வார்கள். உள்ளே இருப்பவர் "பொறுத்தன்" என்பார். முடிந்தது காரியம். என்ன குற்றம் என்று சொல்பவனும் இல்லை, கேட்பவனும் இல்லை. வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டவனும், அயலானின் வலையை அறுத்துவிட்டவனும், இன்னொருத்தியின் மானத்தை வாங்கியவளும் அந்த ஒரு சொல்லில் சுத்தமாகி, உயிர்த்த ஞாயிறன்று வரிசையில் முழந்தாளிட்டு நற்கருணை அப்பமான நன்மையை வாங்குவார்கள். அடுத்த கிழமை வேலி இன்னும் ஒரு முழம் நகரும்.

யாகப்பு மதலேனாவின் படலைக்கு வந்தான். குளித்து, வெள்ளைச் சாரம் கட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அயல் சனம் தங்கள் தங்கள் வேலியால் எட்டிப் பார்த்தது.

"அக்கா, ஏதும் குற்றம் குறை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ."

மதலேனா முற்றத்துக்கு வந்தாள். "என்ன குற்றம்?"

அப்படி ஒரு பதிலை அந்த ஊர்ப் படலைகள் கேட்டதில்லை. யாகப்பு திரும்பவும் அதையே சொன்னான். அவள் திரும்பவும் அதையே கேட்டாள். "குற்றம் இல்லையெண்டால் இஞ்சை ஏன் வந்தனீ? இருக்கெண்டால் என்னெண்டு சொல்லு. சொன்னால் பொறுக்கிறன். சொல்லாததை நான் எப்பிடிப் பொறுக்கிறது?"

அவன் கட்டிய கையை அவிழ்த்தான். பிறகு போய்விட்டான்.

ஊர் கொதித்தது. படலைக்கு வந்தவனைத் திருப்பி அனுப்பிய பாவி என்றார்கள். பூசைக்கு வந்த சுவாமி அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். நல்ல சுவாமிதான், சைக்கிளில் மணலுக்குள் உழன்று ஊர் ஊராகத் திரிகிறவர். ஆனால் அன்று களைத்துப் போயிருந்தார்.

"மகளே, பொறுக்காதவளுக்கு ஆண்டவர் பொறுப்பாரோ?"

"பொறுக்கமாட்டன் எண்டு நான் சொல்லேல்லையே, சுவாமி. என்னத்தைப் பொறுக்கிறதெண்டு கேட்டனான்."

"அது அவனுக்கும் கடவுளுக்கும் இடையிலை உள்ள காரியம். அவன் கடவுளோடை சமாதானமாகிட்டான்."

"கடலிலை தாண்டு செத்தது கடவுளோ, சுவாமி?" என்று கேட்டாள் மதலேனா.

சுவாமிக்கு வந்த கோபத்தில் காது சிவந்தது. பகை தீர்க்கும்வரை உனக்கு நன்மை இல்லை என்று சொல்லிவிட்டார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்தபின் அடுப்படியில் குந்தியிருந்து அழுதாள் என்பதும் உண்மை. நன்மை வாங்காமல் இருப்பது அவளுக்குப் பட்டினி கிடப்பதைவிடப் பெரிய வேதனை. ஆனாலும் மனதில் இல்லாத ஒரு சொல்லை வாயால் சொல்லி, அதைக் கொண்டுபோய் நற்கருணைக்கு முன்னால் வைக்க அவளால் முடியவில்லை. செபமாலை சொல்லும்போது ஊரோடு சேர்ந்து எல்லாம் சொல்வாள். பிறர் பிழையைத் தாங்களும் பொறுப்பதாகச் சொல்கிற அந்த வரி வரும்போது மட்டும் வாய் நின்றுவிடும். பக்கத்தில் இருக்கிற பெண்கள் விலாவில் இடிப்பார்கள். அவள் அசையமாட்டாள்.

பிறகு மீன் விளையாட்டு ஒன்று நடந்தது. யாகப்பு கடலுக்குப் போய் வந்த நாட்களில் நல்ல மீனாகப் பார்த்து ஒன்றை ஓலையில் கோர்த்து அவள் படலையில் தொங்கவிட்டுப் போவான். விதவை வீட்டுக்குப் பங்கு கொடுப்பது வழக்கம்தான். மதலேனா அதைத் தொடமாட்டாள் என்று நினைத்தால் தப்பு. தொடுவாள். கொண்டுபோய் யாகப்புவின் படலையிலேயே திருப்பித் தொங்கவிடுவாள். மீனை எறிவதற்கு அவளுக்கு மனம் வராது, அதனால் பழுதாகுமுன் கொண்டுபோய்விடுவாள். பிலோமினா உள்ளிருந்து பிடிக்கிற சன்னதம் கடற்கரை முழுக்கக் கேட்கும்.

"உன்ரை மனுசன் வாயைத் திறக்கட்டும், நான் பாரை என்ன, சுறாவையே விழுங்குறன்" என்பாள் மதலேனா.

கடைசியில் ஊர் அவளுடைய வயிற்றில் கை வைத்தது. கரையில் அவளுக்கு மீன் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கூடையோடு வந்தால் மீன் எல்லாம் வேறு யாருக்கோ சொல்லிவைத்ததாக இருக்கும். கண்முன்னே குவியலாகக் கிடக்கும், கேட்டால் இல்லை என்பார்கள். கருவாட்டு வாடி காய்ந்து கிடந்தது. மதலேனா ஒரு கிழமை பொறுத்துப் பார்த்தாள். பிறகு கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பஸ் ஏறிப் புதுக்குடியிருப்புக்குப் போய், அங்கிருந்து நடந்து, ஒரு குளத்தின் கீழே அரசாங்கம் புதிதாகக் காணி கொடுத்திருந்த குடியேற்றத்தில் தங்கி வயல் வேலைக்குச் சேர்ந்தாள். களை எடுப்பும் கதிர் அறுக்கிற அருவி வெட்டும் அவளுக்குப் புதிது. இடுப்பு விட்டுப் போயிற்று. அதைப்பற்றி ஒரு சொல் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

காணிக்காரி சிவனேஸ்வரி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். சைவக்காரி, கண்டிப்பானவள். கடற்கரைச் சனத்துக்குச் சிரட்டையில் தேத்தண்ணி கொடுக்கிற பழக்கத்தையும் மூட்டை முடிச்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். முதல் நாள் சிரட்டையை நீட்டியபோது மதலேனா தன் பையிலிருந்து மூக்குப்பேணியை எடுத்தாள்.

"எனக்கு என்ரை பேணி கிடக்கு. இதுக்கை ஊத்துங்கோ."

சிவனேஸ்வரி முறைத்தாள். ஊற்றினாள். இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்கவில்லை, ஆனால் வேலை ஓடியது. வரப்பில் மிதிபட்டுக் கிடக்கிற கதிரைக்கூட விடாமல் பொறுக்கிக் கட்டில் சேர்க்கிற ஒருத்தியை எந்தக் காணிக்காரி அனுப்புவாள்? ஒரு நாள் சிவனேஸ்வரியே வாய்விட்டுக் கேட்டாள்.

"உங்கடை சாமியார் பொறுக்கச் சொன்னால் பொறுத்தன் எண்டு சொல்லிப்போட்டு இரன். ஒரு சொல்லுத்தானே?"

"நெல்லைக் காட்டாமல் அளந்து தா எண்டால் அளப்பியளோ, அம்மா?"

"அதெப்பிடி அளக்கிறது?"

"அதுதான் நானும் சொல்லுறன்" என்றாள் மதலேனா.

ஒவ்வொரு பெரிய வெள்ளியும் அவள் ஊருக்குப் போய்த் தன் முற்றத்தில் நின்றாள். ஒவ்வொரு முறையும் யாகப்பு வந்தான். அவன் வந்த விதம் மட்டும் மாறிக்கொண்டே போயிற்று. முதலில் கையைக் கட்டிக்கொண்டு வந்தவன், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான், ஒரு முறை குடித்துவிட்டும் வந்தான். "என்ன குற்றம்?" என்று அவள் கேட்பாள். அவன் போய்விடுவான். அவளோ தினமும் படுக்கப் போகுமுன் அவனுக்காக ஒரு செபம் சொன்னாள். அதில் அன்பு கின்பு ஒன்றும் இல்லை. "ஆண்டவரே, அந்த நாசமாய்ப் போவானுக்கு வாயைக் குடும்" என்பதுதான் அந்தச் செபம்.

கேட்கக்கூடாத கேள்வி ஒன்றை நெடுக ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தால், கேட்காதவர்களின் மனதிலும் அது போய் இருந்துகொள்ளும். யாகப்புவின் வள்ளத்தில் போய்க்கொண்டிருந்தவன் ஒரு நாள் தலையிடி என்றான். அடுத்தவன் வேறு வள்ளம் பார்த்துக்கொண்டான். வாய்விட்டு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மதலேனாவுக்கு மீன் மறுத்த அதே சனம், அதே மாதிரி, யாகப்புவுக்குத் துணை மறுத்தது. வள்ளம் கரையில் கிடந்து வெடித்தது. தனியே தூண்டில் போட்டு அவனால் குடும்பத்தை இழுக்க முடியவில்லை. பிலோமினாவின் தோடும் காப்பும் போயின. இதற்கும் மதலேனாவைத்தான் திட்டினார்கள்.

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு பெரிய வெள்ளி அருவி வெட்டுக்குள் வந்தது. மழை பிந்திப் பெய்ததால் கதிர் பிந்தி விளைந்திருந்தது. அந்த முறை மதலேனா ஊருக்குப் போகவில்லை. அலுத்துப் போயிருந்தாள். பெரிய வெள்ளியில் வேலை செய்வது பாவம் என்று அவளுக்குத் தெரியும். நன்மை மறுக்கப்பட்டவளுக்கு இனி எந்தப் பாவம் கூடிவிடப்போகிறது என்று ஒரு வீறாப்பு. ஆனால் நோன்பை விடவில்லை. காலையிலிருந்து தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, வெயிலில் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் வரப்பில் ஒருவன் வந்து நின்றான். யாகப்பு. வெள்ளைச் சாரம் முழங்கால்வரை செம்மண்ணாகிக் கிடந்தது. மெலிந்து, தாடி வளர்ந்து, ஆளை மட்டுக்கட்டவே முடியவில்லை. அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருந்தான்.

"படலைக்குப் போனனான். நீங்கள் இல்லை" என்றான்.

"இல்லையெண்டால் திரும்பிப் போறதுதானே."

"அக்கா, அந்தக் கேள்வியை விடுங்கோ. என்ரை வள்ளத்துக்கு ஒருத்தரும் வரீனமில்லை. பிள்ளையள் பட்டினி."

"நானும் பட்டினிதான். பதிலைச் சொல்லிப்போட்டுப் போ. என்ன குற்றம்?"

வயலில் மற்ற ஆட்கள் சாப்பாட்டுக்கு மரத்தடிக்குப் போயிருந்தார்கள். கடலும் இல்லை, ஊர்ச் சனமும் இல்லை. யாகப்பு அப்படியே வரப்பில் குந்தினான். பதில் சொல்லத் தொடங்கியபோது அவன் அவளைப் பார்க்கவில்லை.

"வள்ளம் பிரண்டாப்போலை ரெண்டு பேரும் அதிலை பிடிச்சுக்கொண்டு கிடந்தம். கன நேரம். அண்ணைக்குக் கால் விறைச்சுப் போச்சு. ஒரு அலை வந்து அவரைப் பிடுங்கிக்கொண்டு போச்சு. நான் பாஞ்சு போய்ப் பிடிச்சனான் அக்கா. சத்தியமாப் பிடிச்சனான். பிடிக்க, அவர் என்ரை கழுத்தைக் கட்டிக்கொண்டிட்டார். ரெண்டு பேரும் தாண்டம். மேலை வந்தம். திரும்பவும் தாண்டம். எனக்கு மூச்சில்லை."

"பிறகு?"

"கையைக் கழட்டினன்."

"எப்பிடி?"

"விரல் விரலாக் கழட்டினன். ஒரு கையைக் கழட்ட மற்றக் கை பிடிக்குது. அவர் விடேல்லை. கடிச்சனான். அதுக்குப் பிறகுதான் விட்டவர்."

மதலேனாவின் கையில் அரிவாள் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தூர எறிந்தாள். தன் கையை அவள் அந்த நேரம் நம்பவில்லை.

"என்ன சொன்னவர்?"

"என்ரை பேரைச் சொன்னவர்."

"மாதாவைக் கூப்பிடேல்லையோ?"

"இல்லை."

"என்னை?"

யாகப்பு அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான். பொய் சொல்ல எவ்வளவு வசதியான இடம்! ஒரு "ஓம்" சொல்லியிருந்தால் அவள் சாகும்வரை அதை வைத்துக்கொண்டு வாழ்ந்திருப்பாள். "இல்லை, அக்கா. யாகப்பு, யாகப்பு எண்டு மட்டுந்தான்" என்றான்.

கேட்டது கிடைத்துவிட்டது. இப்படி இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. அவள் நினைத்ததெல்லாம் விட்டுவிட்டு ஓடி வந்த ஒருவனைத்தான். காப்பாற்றப் பாய்ந்து, பிறகு கடித்துக் கழற்றியவனை என்ன செய்வதென்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. அவனை மிதித்து அந்த வயல் மண்ணுக்குள்ளேயே அமத்த வேண்டும்போல் இருந்தது. அவள் கிட்டப் போனாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்து அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"எந்தப் பக்கம் பிடிச்சவர்?"

யாகப்பு இடது கழுத்தைத் தொட்டுக் காட்டினான். மதலேனா தன் கையை அங்கே வைத்தாள். வெயிலில் சூடேறி, வியர்த்து, நரம்பு துடித்துக்கொண்டிருந்த கழுத்து. கொன்ஸ்ரன்ரைனின் கை கடைசியாகத் தொட்ட இடம் அதுதான்; வேறு கல்லறை அவனுக்கு இல்லை. அவள் கையை எடுக்காமல் கனநேரம் நின்றாள். யாகப்பு சின்னப்பிள்ளை மாதிரி விம்மி அழுதான்.

"பொறுக்க ஏலாது போலை கிடக்கு, யாகப்பு" என்றாள் அவள். "உண்மையைச் சொல்லுறன். ஏலாது. ஏலாததைத்தானே செய்யச் சொல்லிக் கிடக்கு. பொறுத்தன்."

பிறகு கையை எடுத்துச் சீலையில் துடைத்தாள்.

"இதை இனி ஒருத்தருக்கும் சொல்லாதை. உன்ரை மனிசிக்கும் சொல்லாதை. கடிச்சனி எண்டு தெரிஞ்சால் சாகும்வரைக்கும் ஒருத்தரும் உன்ரை வள்ளத்திலை ஏறமாட்டினம். பொறுத்ததை ஊர் வாயிலை போட்டால் அது பொறுத்தது இல்லை."

"ஊர் கேட்டால்?"

"என்னட்டைக் கேக்கட்டும். போ இப்ப. என்ரை கண்ணுக்கு முன்னாலை நிக்காதை, போ!"

உயிர்த்த ஞாயிறன்று மதலேனா கோயிலுக்குப் போனாள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சுவாமியிடம் என்ன சொன்னாளோ, வரிசையில் முழந்தாளிட்டு நன்மை வாங்கினாள். ஊர் முழுக்கக் கழுத்தை நீட்டிப் பார்த்தது. பூசை முடிந்ததும் மூப்பர் வளவில் அவளை மறித்தார். சனம் சுற்றிக் கூடியது.

"பொறுத்திட்டியாம், நல்லது. இப்ப சொல்லன் பிள்ளை, அவன் செய்த குற்றந்தான் என்ன?"

நாலு வருசமாக அவள் கேட்ட கேள்வி. அதை இப்போது அவளிடமே கேட்கிறார்கள். மதிலோரம் நின்ற யாகப்பு வாயைத் திறக்கப் பார்த்தான். மதலேனா அவனைப் பார்த்த பார்வையில் அது மூடிக்கொண்டது.

"பொறுத்தாச்சு, மூப்பர். அதோடை சரி."

"அப்ப குற்றம் ஒண்டும் இல்லை எண்டு சொல்லன்" என்றாள் ஒருத்தி பின்னாலிருந்து. யாரோ சிரித்தார்கள். சும்மா கிடந்த மனுசனைப் போட்டு இந்தப் பாடு படுத்தினாளே என்றார்கள். புருசன் செத்த துக்கத்தில் விசர் பிடித்துவிட்டது, இப்போதுதான் தெளிந்திருக்கிறது என்றார்கள். அவள் நின்று கேட்டாள். வாய்காரி மதலேனா பதில் சொல்லாமல் நின்றதை அன்றைக்குத்தான் ஊர் கண்டது. கண்டும் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அந்தக் கிழமையே யாகப்புவின் வள்ளத்துக்குத் துணை கிடைத்தது. வயலை விட்டு ஊரோடு வந்துவிட்ட அவளுக்குக் கரையில் மீனும் கிடைத்தது, செவுள் வெளுத்ததும் சேர்த்து. அவள் வழக்கம்போல மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துச் சண்டை போட்டாள்.

ஒரு நாள் பின்னேரம் நல்ல தண்ணிக் கிணற்றடியில் பிலோமினா அவளைப் பிடித்துக்கொண்டாள். ஐந்தாறு பெண்கள் குடத்தோடு நின்றார்கள்.

"ஒரு குற்றமும் இல்லாத மனுசன் என்ரை மனுசன். நாலு வரியமாச் சிலுவையிலை ஏத்தி வைச்சனீயேடி! என்ரை தோடு போச்சு, காப்புப் போச்சு. பழிகாரி! உனக்கு நல்ல சாவு வராது."

மதலேனாவின் முகம் தீயாக எரிந்தது. கேட்கிற அளவுக்கு ஆட்களும் இருந்தார்கள், ஒரே ஒரு சொல் போதும். அது நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"வாளியை விடு" என்றாள். "எனக்கு நேரம் போகுது."

பிலோமினா காறித் துப்பினாள். மதலேனா வாளியைப் பறித்து, இறைத்து, குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.